கண்ணாடி கழன்ற பிறகும் அதே கண்தான்

நானும் அக்காவும் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு அக்கா மகள் வந்தால் முதலில் டீ, அப்புறம்தான் பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை வரிசை மாறிப்போயிற்று. செருப்பைக் கழற்றிக்கொண்டே கைப்பையிலிருந்து வழவழப்பான ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். பத்தே நிமிடம், வலியில்லை, கண்ணாடிக்கு டாட்டா என்று அதில் போட்டிருந்தது.

"சித்தி, பண்ணிக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கும் இருட்டறையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். "இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா" என்று கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றேன். எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்டால்தான் சரியான பதில் வரும் என்பது அந்த அறையில் படிந்த பழக்கம். "எதுக்குக் கண்ணாடியைக் கழட்டணும்?" என்றேன்.

ஹெல்மெட் என்றாள். மழை என்றாள். ஆபீஸ் ஏ.சி.யில் கான்டாக்ட் லென்ஸ் உறுத்துகிறது என்றாள். இஞ்சியைத் தட்டிப் போட்டு, டீ கொதித்து அடங்கும் வரை விட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டேன். பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு பெரியம்மா, "பொண்ணு எப்பவும் கண்ணாடி போட்டிருக்குமா?" என்று கேட்டாராம்.

முதல் மூன்றும் நியாயமான காரணங்கள். நாலாவதுக்காகக் கருவிழியில் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்தப் பெரியம்மா அடுத்த முறை நிறத்தைக் கேட்பார், அதற்கு அடுத்த முறை சம்பளத்தை. "அவங்களை விடு. உனக்கு வேணுமா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, வேண்டும் என்றாள். சரி, பேசலாம்.

கண் ஓர் உருண்டை. முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வைக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த உருண்டை கொஞ்சம் நீண்டுவிட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாலே பவர் மைனஸ் மூன்றுக்குப் பக்கத்தில் போய்விடும். இவளுக்கு வலது கண் மைனஸ் நாலரை, இடது மைனஸ் நாலு, இரண்டிலும் துளி சிலிண்டர் பவர். அதாவது, உள்ளே வரும் ஒளி விழித்திரையைத் தொடுவதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. ஒளியை வளைப்பது கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் என்றுதான் பள்ளிக்கூடத்தில் மனதில் பதிந்திருக்கும். உண்மையில் கண்ணின் மொத்தப் பவர் 60 டயாப்டரில் 43 வரை முன்புறமுள்ள கருவிழியின் வேலை. பெயர்தான் கருவிழி, அது கறுப்பே இல்லை. கைக்கடிகாரத்தின் மேல் மூடியிருக்கும் கண்ணாடி போலத் தெளிந்த படலம். கறுப்பாகத் தெரிவது அதற்குப் பின்னால் இருப்பது.

அந்தப் படலத்தின் நடுமேட்டை மிக லேசாகத் தட்டையாக்கினால் ஒளி இன்னும் கொஞ்சம் பின்னே தள்ளிப் போய் விழித்திரையில் விழும். லேசர் செய்வது இவ்வளவுதான். நீண்ட கண் நீண்டபடியே இருக்கும். "கண்ணாடி போகும், கிட்டப்பார்வை போகாது" என்றேன். அவள் முகம் சுருங்கியது. இதை நோட்டீஸில் போட மாட்டார்கள். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் சந்தேகங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

"கண்ணுல லேசர்னா வெந்து போகாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். 1929இல் சென்னையில் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் ப்ளம் ஆகியோரோடு வேலை பார்த்தார். 1981 நவம்பரில் அங்கே நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்த மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரை அதில் பாய்ச்சியபோது துண்டு கருகவே இல்லை. ஓரம் கத்தரித்தது போலச் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. பச்சை நிற லேசர் பட்ட இடமோ தீய்ந்துபோயிற்று. அந்தப் புற ஊதா ஒளியின் அலைநீளம் 193 நானோமீட்டர். அது மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்து, சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் அந்தத் துகள்களைப் பறக்கடித்துவிடும். ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் இந்த வேலைக்காக ஐ.பி.எம். மூவருக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. விருந்து மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறக்கும் குடும்பம் எங்களுடையது. அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இப்போது நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. லாசிக்கில், கருவிழியின் மேல்பகுதியை 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு மூடி போலச் சீவி, ஒரு ஓரத்தில் கீல் மாதிரி விட்டுத் திறப்பார்கள். உள்ளே எக்ஸைமரால் செதுக்கி, மூடியைப் பழையபடி படியவைப்பார்கள். தையல் கிடையாது. அந்த மூடியை முன்பு பிளேடால் சீவினார்கள், இப்போது பெரும்பாலும் இன்னொரு லேசரால். விளம்பரத்தில் 'பிளேடு இல்லை' என்று வருவது இதைத்தான். பி.ஆர்.கே.யில் மூடியே கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவார்கள். தோல் வளரும் மூன்று நான்கு நாள் நல்ல எரிச்சல், பார்வை முழுதும் தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் விலகிப்போக மூடி இல்லாததால் கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடிவாங்கும் ஆட்களுக்கு அதுதான் தோது. மூன்றாவது ஸ்மைல். கருவிழிக்குள்ளேயே மெல்லிய வில்லையாக ஒரு துண்டை லேசரால் வரைந்து, சில மில்லிமீட்டர் கீறல் வழியே உருவி எடுத்துவிடுவார்கள்.

எது உசத்தி என்று கேட்டாள். எந்தக் கண்ணுக்கு என்று நான் கேட்பேன். பவர் மிக அதிகமென்றாலோ படலம் மெல்லியதென்றாலோ இந்த மூன்றுமே சரிவராமல், கண்ணுக்குள் ஐ.சி.எல். என்ற லென்ஸ் வைக்கச் சொல்வார்கள். அது தனிக்கதை.

கணக்குப் போட்டுக் காட்டினால்தான் இவளுக்குப் பிடிக்கும், மென்பொருள் பிள்ளை. நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதினேன். கருவிழியின் நடுக்கனம் 520 மைக்ரான் என்று வைத்துக்கொள். மூடிக்கு 110 போயிற்று. ஒரு பவருக்கு உத்தேசமாக 14 மைக்ரான் செதுக்க வேண்டும் என்றால், நாலரைக்கு 63. மீதி 347. அடியில் குறைந்தது 250ஆவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இப்போது பல மருத்துவர்கள் 300க்குக் கீழே போக விரும்புவதில்லை. இவளுக்குத் தாராளம். இதே கருவிழியோடு மைனஸ் எட்டு உள்ளவள் வந்தால் செதுக்கலுக்கே 112 போகும், மிஞ்சுவது 298. அங்கே டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்.

கனத்தைவிட முக்கியம் வடிவம். கூம்புக் கருவிழி என்று ஒரு நோய். படலம் வலுவிழந்து கூம்பாக முன்னே துருத்தும். தெற்காசியாவில் இது அதிகம். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. கண்ணாடி போட்டால் நன்றாகவே தெரியும். அந்தக் கண்ணில் போய் லேசர் வைத்தால், ஏற்கெனவே பலவீனமான சுவரை மேலும் செதுக்கியது போலாகி, படலம் பிதுங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் கருவிழியின் முன்னும் பின்னும் மேடுபள்ளத்தை நிறம் நிறமாக வரைந்து காட்டும் டோபோகிராஃபி என்ற படத்தை எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையில் லேசர் இயந்திரத்தைவிட இந்தப் படமும், அதைப் பார்த்து 'உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லத் துணியும் ஒரு மருத்துவரும்தான் முக்கியம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு அழுதுகொண்டே போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் வேறு இடத்தில் கேட்டு, 'பண்ணலாம்' என்ற பதிலை வாங்கி வருவார்கள். வயிற்றைக் கலக்கும்.

"கண்ணைக் கசக்குவியா?" என்றேன். "எப்பவாச்சும்" என்றாள். அக்கா உள்ளேயிருந்து, "எப்பவாச்சுமா? தூங்கி எந்திரிச்சா அரை மணி நேரம் அதே வேலைதான்!" என்று குரல் கொடுத்தாள். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கசக்கும் பழக்கத்துக்கும் கூம்புக் கருவிழிக்கும் சம்பந்தம் உண்டு. வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருக்கிறதா, இருபது வயதைத் தாண்டியும் சிலிண்டர் ஏறிக்கொண்டே போகிறதா என்பதும் அதே மாதிரிதான்.

இன்னும் சில கேள்விகள். பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும். கடைசி ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ தள்ளிப்போட வேண்டும், பவர் அப்போது ஆடும். கட்டுக்கடங்காத சர்க்கரை, முடக்குவாதம் போன்றவை இருந்தால் சொல்ல வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டால் அதையும். அது கண்ணை உலர்த்தும். பலர் இதைக் கண்ணோடு சம்பந்தப்படுத்துவதே இல்லை, தோல் டாக்டர் கொடுத்தது என்று விட்டுவிடுவார்கள்.

சோதனைக்குப் போவதற்கு முன் சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைத்திருக்க வேண்டும். ஹார்டு லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக. லென்ஸ் அழுத்திக் கருவிழி கொஞ்சம் உருமாறியிருக்கும். அந்த உருவத்தை அளந்து அறுவை செய்தால் கணக்கு தப்பும். சோதனை நாளில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார்கள். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கலாம், பொத்தல் இருக்கலாம். நான் முன்பு சொன்னது இங்கேதான் வருகிறது: லேசருக்குப் பிறகும் அது நீண்ட கண்தான். கண்ணாடி இல்லை என்பதற்காக விழித்திரைப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. திடீரென்று கண்முன் பூச்சி பறப்பது போலவோ மின்னல் வெட்டுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.

டீ ஆறிவிட்டிருந்தது. இன்னொரு தரம் சுடவைத்தேன்.

"அன்னைக்கு என்ன பண்ணுவாங்க?" மையும் சென்ட்டும் வேண்டாம் என்பார்கள். மயக்க ஊசி கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பி மாட்டுவார்கள். நீ இமைத்துவிடுவாயோ என்று பயப்பட வேண்டாம், இமைக்கவே முடியாது. லாசிக் என்றால் மூடி சீவும்போது ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும். கட்டைவிரலால் அழுத்துவது போல இருக்கும், சில நொடிகள் பார்வை மங்கி இருண்டும் போகலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆட்கள் அந்த இடத்தில்தான் பதறுவார்கள். அப்புறம் மினுக்கும் விளக்கைப் பார்க்கச் சொல்வார்கள். டக்டக்கென்று சத்தம், கூடவே முடி பொசுங்கின மாதிரி ஒரு வாடை. எதுவும் பொசுங்கவில்லை, பறக்கிற துகள்களின் வாசம் அது. வான்கோழியை நினைத்துக்கொள். கண் கொஞ்சம் அசைந்தாலும் இயந்திரம் தொடர்ந்து வரும். மிக அசைந்தால் தானே நின்றுவிடும். லேசர் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நோட்டீஸில் சொன்ன பத்து நிமிடம் பொய்யில்லை.

அதற்குப் பிறகு வரும் ஐந்தாறு மணி நேரத்தைப் பற்றித்தான் நோட்டீஸ் மௌனம். வெங்காயம் நறுக்கின மாதிரி எரியும், நீர் கொட்டும், மணல் விழுந்தது போல உறுத்தும். கண்ணுக்குக் கவசம் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவது உத்தமம். வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். லாசிக் செய்துகொண்டவர்கள் மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அழுவதைக் கண்டிருக்கிறேன், சந்தோஷத்தில். அந்தச் சந்தோஷத்தில்தான் சொட்டு மருந்தை மறப்பார்கள். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாளுக்கு மேல் தானாக நீட்டவும் கூடாது, கண் அழுத்தம் ஏறும்.

கண்ணைக் கசக்காமல் இருப்பது முதல் வேலை. டாக்டர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்காதே, கண்மை போடாதே, நீச்சல் குளம் பக்கம் போகாதே. எங்கள் அம்மா திருநீறு பூசி நெற்றியில் ஊதிவிடுவாளே, அதுவும் வேண்டாம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று மூன்று வாரம் இருக்கும்போது அறுவைக்கு ஓடி வருபவர்கள் உண்டு. ஓமப்புகைக்கு எதிரில் உட்கார்ந்து, புதிதாகச் செதுக்கிய கண்ணோடு இரண்டு மணி நேரம்! செய்வதானால் நாலைந்து மாதம் இடைவெளி விடு.

ஏனென்றால் கண் உலரும். கருவிழியில் கண்ணீரைத் தூண்டும் நரம்புகள் உண்டு. மூடி சீவும்போது அவை அறுபடும். ஸ்மைலில் அறுபடுவது குறைவு. வளர்ந்து வர மாதங்கள் ஆகும். அதுவரை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வண்டியில் போனால் கூலிங் கிளாஸ், கணினி முன்னால் அடிக்கடி இமைத்தல். இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி தெரியும். பெரும்பாலோருக்கு இது படிப்படியாகக் குறையும்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அங்குள்ள பாதுகாப்புத் துறையோடும் தேசியக் கண் நிறுவனத்தோடும் சேர்ந்து லாசிக் செய்துகொண்டவர்களிடம் புரோல் என்ற பெயரில் ஆய்வு நடத்தியது. பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். அதே ஆய்வில், முன்பு ஒளிவட்டம், கூச்சம் போன்ற தொந்தரவு எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாம் மாதத்தில் புதிதாக ஒன்றாவது இருக்கிறது என்றார்கள். முன்பு உலர்வு இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை உலர்வு என்றார்கள். அந்தத் தொந்தரவால் அன்றாட வேலையே மிகவும் சிரமமாகிறது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இந்த எல்லா எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் ஆஸ்பத்திரி சொல்லும், இரண்டாவதை மட்டும் பயமுறுத்தும் உறவினர் சொல்வார். அந்த ஒரு சதவீதத்துக்குள் விழுபவருக்கு அது நூறு சதவீதம் என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. தொற்று, மூடி விலகல், பின்னாளில் படலம் பிதுங்கல், ஆறாத நரம்பு வலி எல்லாம் அரிது. ஆனால் உண்டு. சிலருக்குக் கொஞ்சம் பவர் திரும்பி வரும். மறுபடி செதுக்கப் படலம் மிச்சமிருந்தால்தான் முடியும்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் பண்ணிக்கலை?" கேட்பாள் என்று காத்திருந்தேன்.

எனக்கு இரண்டு கண்ணும் மைனஸ் இரண்டரை. அறுபது வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிறேன், அரிசியில் கல் பார்க்கிறேன், மாத்திரை அட்டையில் தேதி படிக்கிறேன். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால். லேசர் தொடுவது முன்புறப் படலத்தை. அந்த லென்ஸ் இறுகுவதை அது தடுக்காது. லேசர் செய்துகொண்ட என் வயது சிநேகிதி தூரத்து பஸ் போர்டைப் படிக்கிறாள், கையிலுள்ள டிக்கெட்டைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறாள். நான் அதற்கு நேரெதிர். இருபத்தாறு வயதுக்காரிக்கு இது பெரிய விஷயமாகப் படாது, பதினைந்து வருடம் கண்ணாடியில்லாமல் இருக்கலாமே என்று தோன்றும். அது நியாயமான கணக்குத்தான். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன்.

செலவைப் பற்றி அக்கா கேட்டாள். பவர் ஏழரைக்குக் கீழே என்றால் நம் மருத்துவக் காப்பீடு இதற்குப் பொதுவாகப் பணம் தராது, கைக்காசுதான். சொட்டு மருந்தும், பிந்தைய பரிசோதனைகளும், தேவைப்பட்டால் மறுசெதுக்கலும் அந்தத் தொகையில் அடக்கமா என்று எழுதி வாங்கச் சொன்னேன். இவளுடைய தம்பி ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பரீட்சைக்குப் படிக்கிறான். அவன் தப்பித் தவறிக்கூட இந்தப் பக்கம் வரக் கூடாது, லாசிக் செய்தவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை. ராணுவத்தில் சேர்ப்பதற்கும் இத்தனை வயதுக்கு மேல், இத்தனை மாதத்துக்கு முன் என்று நிபந்தனைகள் உண்டு.

அன்று சாயங்காலமே லென்ஸைக் கழற்றிவிட்டாள். ஒரு பக்கக் காது உடைந்து நூல் சுற்றிய பழைய கண்ணாடியை அக்கா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு அதுதான்.

வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, மறந்த ஒன்றைச் சொன்னேன். அறுவைக்கு முன் எடுத்த பவர், கருவிழிப் படம், அதன் கனம் எல்லாவற்றையும் பிரதி வாங்கிக்கொள். முப்பது வருடம் கழித்துக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். செதுக்கிய கருவிழி அந்தக் கணக்கைக் குழப்பும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் மெலிந்த படலத்தால் அளவு குறைத்துக் காட்டும். அப்போது எந்த டாக்டர் இருந்தாலும் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.

"போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கறேன் சித்தி."

"முப்பது வருஷத்துல எத்தனை போன் மாத்துவ? தாளா வாங்கி அம்மா நகைப் பெட்டிக்கு அடியில வை. அதைத்தான் இந்த வீட்டுல யாரும் தொலைக்க மாட்டாங்க."